பாரந்தூக்கி உத்திரங்களில் பற்றவைப்பு இணைப்பு

பாரந்தூக்கி உத்திரங்களில் பற்றவைப்பு இணைப்பு என்பது, தொழிற்கூடங்களில் மேல்நிலைப் பாரந்தூக்கி ஓடும் தண்டவாளத்தைத் தாங்கும் எஃகு உத்திரத்தின் இரு துண்டுகளை முனையோடு முனை வைத்துப் பற்றவைத்து ஒரே நீளமாக்கும் இணைப்பு ஆகும். பட்டறைகளில் இதனை ஸ்ப்ளைஸ் என்றும், உத்திரத்தைக் கேன்ட்ரி கர்டர் என்றும் வழங்குவர். கட்டடங்களில் உள்ள பிற உத்திரங்களின் இணைப்புகளிலிருந்து இது ஒரு முதன்மையான வகையில் வேறுபடுகிறது. இதன் மீது வரும் சுமை ஓரிடத்தில் நிற்பதில்லை. பாரந்தூக்கி கடக்கும் ஒவ்வொரு முறையும் சுமை ஏறி இறங்குகிறது. எனவே இவ்விணைப்பின் வடிவமைப்பை உலோகத்தின் உறுதியைக் காட்டிலும் உலோக அயர்வே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உத்திரத்தின் கீழே ஆட்கள் வேலை செய்வதால், இணைப்பில் தோன்றும் சிறு விரிசலும் உயிரிழப்பில் முடியக்கூடும்.

உறுப்புகள்

மேல்நிலைப் பாரந்தூக்கி என்பது கூடத்தின் அகலத்துக்குக் குறுக்கே அமைந்த ஒரு நகரும் பாலம் ஆகும். பாலத்தின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்கள், கூடத்தின் நீளவாக்கில் அமைந்த இரு தண்டவாளங்களின் மேல் ஓடுகின்றன. ஒவ்வொரு தண்டவாளத்தின் கீழும் உத்திரங்கள் வரிசையாக அமைந்து, தூண்களின் மேல் அமர்ந்திருக்கும்.

உத்திரத்தின் வெட்டுமுகம் பெரும்பாலும் மூன்று தகடுகளைக் கொண்டது. மேலும் கீழும் கிடையாக உள்ளவை விளிம்புத்தகடுகள் (பிளாஞ்சு). அவற்றை இணைத்துச் செங்குத்தாக நிற்பது நடுத்தகடு (வெப்). சிறிய உத்திரங்களுக்கு ஆலையில் உருட்டி எடுத்த ஒரே துண்டான சட்டங்கள் பயன்படும். பெரிய உத்திரங்கள் மூன்று தகடுகளைத் தனித்தனியே வெட்டிப் பற்றவைத்துச் செய்யப்படுகின்றன.

இரு முனைகளிலும் எளிமையாகத் தாங்கப்பட்ட உத்திரத்தில், சுமை வரும்போது கீழ் விளிம்புத்தகடு இழுவிசைக்கும் மேல் விளிம்புத்தகடு அமுக்க விசைக்கும் உள்ளாகின்றன. நடுத்தகடு வெட்டு விசையின் பெரும்பகுதியை ஏற்கிறது. ஆகவே இணைப்பின் மூன்று பகுதிகளும் மூன்று வேறுபட்ட பணிகளைச் செய்கின்றன.

இணைப்பின் தேவை

நல்ல வடிவமைப்பில் முதலில் கேட்க வேண்டிய வினா, இணைப்பு தேவைதானா என்பதாகும். தூண்களின் இடைவெளி 6 முதல் 9 மீட்டர் வரை உள்ள கூடங்களில் ஒவ்வோர் உத்திரத்தையும் ஒரே துண்டாகச் செய்து, லாரியில் ஏற்றிச் சென்று நிறுத்திவிடலாம். அடுத்தடுத்த உத்திரங்கள் தூணின் தலையில் சந்திக்கும் இடத்தில் அவற்றைப் பற்றவைத்து ஒன்றாக்குவது வழக்கமன்று. சுமை வரும்போது உத்திரத்தின் முனை சிறிது சுழல வேண்டும். முனைகளைப் பற்றவைத்துப் பிணைத்தால் அச்சுழற்சி தடைப்பட்டு, வடிவமைப்பில் கருதாத இழுவிசை மேல் விளிம்பில் ஏற்படும். நாளடைவில் அப்பற்றவைப்பே பிளந்துவிடும். தூண்களுள் ஒன்று சிறிது தாழ்ந்தாலும் இதே விளைவு உண்டாகும்.

எனினும் பின்வரும் நிலைகளில் உத்திரத்தின் நடுவே இணைப்பு தவிர்க்க இயலாததாகிறது:

* தூண்களின் இடைவெளி, கிடைக்கும் தகட்டின் அல்லது சட்டத்தின் நீளத்தைக் காட்டிலும் மிகுதியாக இருத்தல். உருட்டிய சட்டங்கள் பொதுவாக 12 மீட்டர் அளவிலான நீளங்களில் கிடைக்கின்றன.
* உத்திரத்தை முழு நீளத்தில் தொழிற்கூடத்துக்குக் கொண்டுசெல்ல வழி இல்லாமை.
* பழுதடைந்த ஒரு பகுதியை வெட்டி நீக்கிப் புதிய பகுதியைப் பொருத்துதல்.
* தூண் ஒன்றை அகற்றிக் கூடத்தை விரிவாக்குதல்.

இவற்றுள் முதலாவது நிலையில் இணைப்பைப் பட்டறையிலேயே செய்துவிடலாம். பிற மூன்றும் பெரும்பாலும் களத்தில், உயரத்தில், கடினமான நிலையில் செய்யப்படுபவை. இந்த வேறுபாட்டை இந்தியத் தரநிலையும் கணக்கில் கொள்கிறது. ஐ.எஸ். 800:2007 பற்றவைப்பின் உறுதியைக் கணிக்கையில் பட்டறைப் பற்றவைப்புக்கு 1.25 என்னும் பாதுகாப்புக் காரணியையும், களப் பற்றவைப்புக்கு 1.50 என்னும் காரணியையும் விதிக்கிறது.

சுமைகள்

இணைப்பு ஏற்க வேண்டிய சுமைகள் மூவகைப்படும்.

செங்குத்துச் சுமை: பாரந்தூக்கியின் எடை, தள்ளுவண்டியின் எடை, தூக்கும் பாரம் ஆகியவற்றால் சக்கரத்தில் வரும் விசை. தள்ளுவண்டி எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரங்களில் இது மிகுதியாகும். அதிர்வுக்காக, மின்னால் இயங்கும் பாரந்தூக்கிகளுக்குச் சக்கரச் சுமையுடன் 25 விழுக்காடும், கையால் இயக்குபவற்றுக்கு 10 விழுக்காடும் கூட்டுவது இந்திய வழக்கம்.

பக்கவாட்டுச் சுமை: தள்ளுவண்டி திடீரென நிற்பதாலும் புறப்படுவதாலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே தோன்றும் விசை. மின்பாரந்தூக்கிகளுக்கு இது தள்ளுவண்டியின் எடை, தூக்கிய பாரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 10 விழுக்காடாகக் கொள்ளப்படுகிறது. இவ்விசை மேல் விளிம்புத்தகட்டைப் பக்கவாட்டில் வளைக்கிறது. ஆகவே அமுக்கத்திலேயே இருக்கும் என்று கருதப்படும் மேல் விளிம்பின் ஓரங்களிலும் தகைவு மாறி மாறி ஏறி இறங்குகிறது.

நீளவாட்டுச் சுமை: பாரந்தூக்கி முழுவதும் தண்டவாளத்தின் நெடுகே நிற்பதால் தோன்றுவது. இது சக்கரச் சுமையில் 5 விழுக்காடாகக் கொள்ளப்படுகிறது. இணைப்பைப் பொறுத்தவரை இது சிறியதே.

இணைப்பின் இடம்

வளைவுத் திருப்புத்திறன் குறைவாக உள்ள இடத்தில் இணைப்பை வைக்க வேண்டும் என்பது பொது விதி. நிலைச் சுமை தாங்கும் உத்திரங்களில் மூன்றில் ஒரு பங்குத் தொலைவு பொருத்தமான இடமாகக் கருதப்படுவதுண்டு. நகரும் சுமைக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைக் கணித்தே அறிய வேண்டும்.

உத்திரத்தின் நீளம் நீ, சக்கரச் சுமை ச, இரு சக்கரங்களின் இடைவெளி இ, தாங்கியிலிருந்து இணைப்பு உள்ள தொலைவு தொ எனக் கொள்வோம். ஒரு சக்கரம் இணைப்பின் மேலும், மற்றது உத்திரத்தின் நடுப்பக்கமாக அதற்கு அப்பாலும் இருக்கும்போது அவ்விடத்தில் திருப்புத்திறன் உச்சத்தை அடைகிறது. அதன் அளவு:

திருப்புத்திறன் = ச × தொ × (2 நீ − 2 தொ − இ) ÷ நீ

எடுத்துக்காட்டாக, உத்திரத்தின் நீளம் 9 மீட்டர், அதிர்வுக்கூட்டு உட்படச் சக்கரச் சுமை 150 கிலோநியூட்டன், சக்கர இடைவெளி 3 மீட்டர் என்க. உத்திரத்தின் விளிம்புத்தகடுகள் 300 மி.மீ. அகலமும் 20 மி.மீ. தடிமனும், நடுத்தகடு 760 மி.மீ. உயரமும் 10 மி.மீ. தடிமனும் கொண்டவை. மொத்த உயரம் 800 மி.மீ. இதன் வெட்டுமுகக் கெழு ஏறத்தாழ 54.8 இலட்சம் கன மி.மீ. ஆகும். இவற்றிலிருந்து கிடைக்கும் பெறுமானங்கள் வருமாறு:

| தாங்கியிலிருந்து தொலைவு (மீட்டர்) | உச்சத் திருப்புத்திறன் (கிலோநியூட்டன்-மீட்டர்) | கீழ் விளிம்பில் தகைவு (நியூட்டன்/சதுர மி.மீ.) | உச்ச வெட்டு விசை (கிலோநியூட்டன்) |
|---|---|---|---|
| 1.50 | 300 | 55 | 200 |
| 2.25 | 394 | 72 | 175 |
| 3.00 | 450 | 82 | 150 |
| 3.75 | 469 | 86 | 125 |
| 4.50 | 450 | 82 | 100 |

மூன்றில் ஒரு பங்குத் தொலைவான 3 மீட்டரில் உள்ள திருப்புத்திறனும், நட்ட நடுவில் உள்ள திருப்புத்திறனும் சமமாக இருப்பதைக் காணலாம். நகரும் சுமை எல்லா இடத்துக்கும் சென்று சேர்வதால், உத்திரத்தின் நடுப்பகுதி முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவான தகைவுக்கு உள்ளாகிறது. உண்மையான பயன் வேண்டுமெனில் இணைப்பை ஆறில் ஒரு பங்குத் தொலைவுக்கு நகர்த்த வேண்டும். அங்கே வெட்டு விசை உயர்கிறது எனினும், முழு உயரத்துக்கும் பற்றவைத்த நடுத்தகடு அதனை எளிதில் ஏற்கும்.

உலோக அயர்வு

எஃகுக் கம்பி ஒன்றை ஒரு முறை வளைத்தால் ஒடிவதில்லை. பல முறை மாற்றி மாற்றி வளைத்தால் ஒடிகிறது. உத்திரத்தில் ஏற்படும் தகைவு இதைவிட மிகக் குறைவு எனினும், இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்குகையில் நுண்ணிய விரிசல்கள் தோன்றிப் படிப்படியாக வளர்கின்றன. இதுவே உலோக அயர்வு ஆகும்.

பற்றவைத்த இணைப்பில் விரிசல் தோன்றுவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பற்றவைப்பின் ஓரத்தில் உள்ள சிறு பள்ளம், உள்ளே சிக்கிய கசடு, அடியில் உருகிச் சேராத இடைவெளி ஆகியன தொடக்கத்திலேயே விரிசலின் விதைகளாக அமைந்துவிடுகின்றன. மேலும், உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்கும்போது பற்றவைப்பைச் சுற்றி எச்சத் தகைவு தங்குகிறது. இது உலோகத்தின் விளைவு வலிமையை ஒட்டிய அளவுக்கு உயரக்கூடும். ஆதலால் வெளிச்சுமையால் வரும் தகைவு எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதே முக்கியமாகிறது. இந்த ஏற்ற இறக்க அளவு தகைவு வீச்சு எனப்படும்.

அயர்வு ஆயுளைப் பற்றி மூன்று உண்மைகள் நினைவிற் கொள்ளத்தக்கவை:

* ஆயுள் தகைவு வீச்சின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. வீச்சு இரு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிறது.
* வலிமை மிகுந்த எஃகைப் பயன்படுத்துவதால் பற்றவைப்பின் அயர்வு ஆயுள் கூடுவதில்லை. அந்த வலிமையை நம்பித் தகட்டின் தடிமனைக் குறைத்தால் தகைவு வீச்சு உயர்ந்து ஆயுள் குறையவே செய்யும்.
* இணைப்பின் வடிவமே ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரே தகடு, ஒரே பற்றவைப்பாளர், ஒரே சுமை என்றாலும் வடிவம் மாறினால் ஆயுள் பல மடங்கு மாறுகிறது.

இக்காரணத்தால் தரநிலைகள் இணைப்புகளை வடிவத்தின் அடிப்படையில் வகைப்படுத்துகின்றன. 2005-இல் வெளியான ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 1993-1-9, ஒவ்வொரு வகைக்கும் 20 இலட்சம் சுழற்சிகளில் தாங்கக்கூடிய தகைவு வீச்சையே பெயராகச் சூட்டியது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 800:2007 இதே கருத்தை 50 இலட்சம் சுழற்சிகளின் அடிப்படையில் அமைக்கிறது. அமெரிக்கத் தரநிலை ஆங்கில எழுத்துகளால் வகைகளைக் குறிக்கிறது. அதில் மட்டமாகத் தேய்த்து உட்சோதனை செய்த முட்டுப் பற்றவைப்பு இரண்டாம் எழுத்து வகையிலும், தேய்க்காதது மூன்றாம் எழுத்து வகையிலும் அடங்கும்.

கணிப்பு

மேற்கூறிய உத்திரத்தின் மேல் பாரந்தூக்கி நாள் ஒன்றுக்கு 100 முறை முழுப் பாரத்துடன் கடக்கிறது எனவும், ஆண்டுக்கு 300 வேலைநாட்கள், ஆயுள் 25 ஆண்டுகள் எனவும் கொள்வோம். மொத்தச் சுழற்சிகள் 7,50,000 ஆகும். இத்தனை சுழற்சிகளுக்கு, 1.35 என்னும் பாதுகாப்புக் காரணியுடன் ஐரோப்பியத் தரநிலையின்படி அனுமதிக்கத்தக்க தகைவு வீச்சு வருமாறு:

| விளிம்புத்தகட்டு இணைப்பின் வடிவம் | வகை | அனுமதிக்கும் வீச்சு (நியூட்டன்/சதுர மி.மீ.) |
|---|---|---|
| இருபுறமும் மட்டமாகத் தேய்த்த முட்டுப் பற்றவைப்பு | 112 | 115 |
| தேய்க்காதது, மேடு அகலத்தில் 10 விழுக்காட்டுக்குள் | 90 | 92 |
| தேய்க்காதது, மேடு அகலத்தில் 20 விழுக்காட்டுக்குள் | 80 | 82 |
| பின்தாங்கு பட்டையை விட்டுவைத்தது | 71 | 73 |
| அவ்வாறே, பட்டையைப் பொருத்திய பற்றவைப்பு தகட்டின் ஓரத்தை நெருங்கியது | 50 | 51 |

இவ்விரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் வடிவமைப்பின் சாரம் விளங்கும். உத்திரத்தின் உச்சத் தகைவு 86 மட்டுமே. 250 நியூட்டன்/சதுர மி.மீ. விளைவு வலிமை கொண்ட சாதாரண எஃகுக்கு இது மூன்றில் ஒரு பங்கு அளவே. நிலைச் சுமைக்கான கணக்கு மட்டும் பார்த்தால் எந்த இணைப்பும் போதும் என்றே தோன்றும். ஆனால் அயர்வுக் கணக்கில், பின்தாங்கு பட்டையை விட்டுவைத்த இணைப்பு 3 மீட்டர் தொலைவில் தகுதியற்றது. கடைசி வகை இணைப்போ 1.5 மீட்டர் தொலைவிலும் தகுதியற்றது. தேய்த்து மட்டமாக்கிய இணைப்பையும், மேடு அகலத்தில் 10 விழுக்காட்டுக்குள் உள்ள தேய்க்காத இணைப்பையும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். வேலைநேரம் கூடிக் கடக்கும் எண்ணிக்கை இரு மடங்கானால் ஒவ்வோர் அனுமதி அளவும் 1.26-ஆல் வகுபடும். அப்போதும் முதல் வகை 91 என்ற அளவில் தேறுகிறது. மற்றவை நடுப்பகுதியில் தேறுவதில்லை.

அமெரிக்கத் தரநிலையில், மொத்தச் சுழற்சிகள் 20,000-க்குக் குறைவாயின் அயர்வைக் கணக்கிட வேண்டியதில்லை. பராமரிப்புக்காக எப்போதாவது இயங்கும் பாரந்தூக்கிகள் இவ்வாறு விலக்குப் பெறலாம். எஃகு ஆலைகளில் இரவு பகலாக இயங்குபவற்றுக்கு எவ்வகை விலக்கும் இல்லை.

பற்றவைப்பின் வடிவமைப்பு

விளிம்புத்தகடுகள்

இழுவிசை பெறும் கீழ் விளிம்புத்தகட்டின் இணைப்பு, தடிமன் முழுவதும் உருகிச் சேர்ந்த முழு ஊடுருவல் முட்டுப் பற்றவைப்பாகவே இருத்தல் வேண்டும். பகுதி ஊடுருவல் பற்றவைப்பில் அடியில் சேராது விடப்பட்ட பகுதி, விசைக்குச் செங்குத்தாக அமைந்த ஆயத்த விரிசலாகச் செயல்படும். தகட்டின் மேல் மற்றொரு தகட்டை வைத்து ஓரங்களில் மூலைப் பற்றவைப்பு செய்து இணைக்கும் முறையும் ஏற்கத்தக்கதன்று. மேல் வைத்த தகட்டின் முனையில் தகைவு குவிவதால் இது அயர்வு வகைகளில் மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்றாகிறது.

சிறந்த முறை, உத்திரத்தைச் சேர்ப்பதற்கு முன்பே, தகடு தனித்துத் தட்டையாகக் கிடக்கும்போது விளிம்புத்தகட்டின் இணைப்பைச் செய்து முடிப்பதாகும். அந்நிலையில் பின்வருவன எளிதாகின்றன:

* தகட்டைப் புரட்டிப் போட்டு இருபுறமும் பற்றவைக்கலாம். ஆதலால் பின்தாங்கு பட்டை தேவையில்லை. முதற்புறம் முடிந்தபின் மறுபுறத்தில் அடிப்பகுதியைக் குடைந்து நல்ல உலோகம் தெரிந்த பின்னரே பற்றவைக்க வேண்டும்.
* தகட்டின் இரு ஓரங்களிலும் நீட்சித் துண்டுகளை வைத்துப் பற்றவைப்பை அவற்றின் மேல் தொடங்கி முடிக்கலாம். தொடக்கத்திலும் முடிவிலும் தோன்றும் குறைகள் அத்துண்டுகளோடு நீங்கிவிடும். துண்டுகளை வெட்டிய பின் ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும்.
* இருபுறமும் தேய்த்து மட்டமாக்கலாம். தேய்ப்பின் கீறல்கள் தகைவின் திசையிலேயே, அதாவது உத்திரத்தின் நெடுகே அமைய வேண்டும். குறுக்கே விழும் கீறல்கள் விரிசலுக்கு இடமளிக்கும்.
* நடுத்தகட்டின் தடை இன்றி முழு அகலத்தையும் சோதிக்கலாம்.

தடிமன் வேறுபட்ட தகடுகளை இணைக்கும்போது தடித்த தகட்டைச் சரிவாகச் சீவி மெல்லிய தகட்டின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இச்சரிவு இந்திய வழக்கில் 5-க்கு 1, ஐரோப்பியத் தரநிலையில் 4-க்கு 1, அமெரிக்க வழக்கில் 2.5-க்கு 1 என்பவற்றுக்கு மிகாமல் இருக்க வேண்டும். தடிமன் 25 மி.மீ.-ஐக் கடந்தால் அயர்வு வலிமை குறைவதையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

நடுத்தகடும் துளையும்

நடுத்தகட்டின் இணைப்பும் முழு ஊடுருவல் முட்டுப் பற்றவைப்பாகச் செய்யப்படுகிறது. பட்டறையில் செய்யும்போது நடுத்தகட்டின் இணைப்பும் விளிம்புத்தகட்டின் இணைப்பும் ஒரே நேர்கோட்டில் அமையாமல் சற்று விலகி இருப்பது நல்லது. ஓரிடத்தில் குறை இருந்தாலும் அது முழு வெட்டுமுகத்துக்கும் பரவாது.

உத்திரம் சேர்த்தபின் களத்தில் இணைப்புச் செய்யும்போது, விளிம்புத்தகட்டின் பற்றவைப்பு தடையின்றிச் செல்வதற்காக நடுத்தகட்டின் மூலையில் அரைவட்டத் துளை ஒன்று வெட்டப்படுவது வழக்கம். பட்டறைகளில் இது ரேட் ஹோல் எனப்படும். இத்துளையின் ஓரத்தில் தகைவு குவிகிறது. ஐரோப்பியத் தரநிலை இதனை 71-ஆம் வகையில் வைக்கிறது. விளிம்புத்தகட்டைத் தேய்த்து 112-ஆம் வகைக்கு உயர்த்தினாலும், அருகில் துளையை விட்டுவைத்தால் அவ்விடத்தின் தகுதி 71-க்கு இறங்கிவிடும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 3 மீட்டர் தொலைவில் விளிம்புத்தகட்டின் உட்புறத் தகைவு 78. அனுமதி 73 மட்டுமே. தேய்ப்புக்குச் செய்த செலவு முழுவதும் வீணாகிறது. எனவே துளை தவிர்க்க இயலாததாயின், இணைப்பைத் தாங்கிக்கு அருகே நகர்த்துவதே வழி.

மேல் விளிம்பும் நடுத்தகடும் சேரும் இடம்

இணைப்பு உள்ள இடத்தின் மேலாகச் சக்கரம் நேரடியாக உருள்வதால், மேல் விளிம்பையும் நடுத்தகட்டையும் சேர்க்கும் நெடுக்குப் பற்றவைப்புக்குத் தனிக் கவனம் தேவை. பாரந்தூக்கி ஒரு முறை கடந்தால் கீழ் விளிம்புக்குப் பெரும்பாலும் ஒரு சுழற்சியே. இப்பற்றவைப்புக்கோ ஒவ்வொரு சக்கரமும் ஒரு சுழற்சி ஆகும். தண்டவாளம் நடுத்தகட்டின் நேர்மேலே இல்லாமல் சற்று விலகியிருந்தால், மேல் விளிம்பு ஒவ்வொரு முறையும் முறுக்கப்பட்டு இப்பற்றவைப்பு விரிசலடையும். மிகுபணிப் பாரந்தூக்கிகளுக்கு இங்கு மூலைப் பற்றவைப்பைத் தவிர்த்து முழு ஊடுருவல் பற்றவைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. ஐரோப்பியத் தரநிலையில் சக்கரத்தின் நேரடி அமுக்கத்துக்கு முழு ஊடுருவல் பற்றவைப்பு 71-ஆம் வகையிலும், மூலைப் பற்றவைப்பு 36-ஆம் வகையிலும் அடங்குவதே இதன் தேவையைக் காட்டும்.

பற்றவைப்பு வரிசை

பற்றவைப்பு ஒவ்வொன்றும் குளிரும்போது சுருங்குகிறது. சுருங்குவதற்கு இடமில்லாதபோது எச்சத் தகைவு மிகும். சிலவேளை உடனேயே விரிசல் தோன்றும். களத்தில் செய்யும் இணைப்புக்குப் பொதுவாகப் பின்வரும் வரிசை கடைப்பிடிக்கப்படுகிறது:

1. இணைப்பின் இருபுறமும் விளிம்புத்தகட்டையும் நடுத்தகட்டையும் சேர்க்கும் நெடுக்குப் பற்றவைப்பில் ஒரு பகுதியைப் பட்டறையில் செய்யாமல் விட்டுவைத்தல். இது விளிம்புத்தகடு சுருங்க இடமளிக்கிறது.
2. துண்டுகளை நேராக நிறுத்தித் தற்காலிகமாகப் பிணைத்தல். முட்டுப் பற்றவைப்பின் பள்ளத்துக்கு வெளியே தற்காலிகப் பற்றவைப்புகள் இடுவதைத் தவிர்க்க வேண்டும்.
3. தகட்டின் தடிமனுக்கும் வேதியியற் சேர்மானத்துக்கும் ஏற்ப முன்சூடாக்கல்.
4. தடித்த விளிம்புத்தகடுகளை முதலில், மேலும் கீழும் மாற்றி மாற்றிப் பற்றவைத்தல்.
5. நடுத்தகட்டைப் பற்றவைத்தல்.
6. விட்டுவைத்த நெடுக்குப் பற்றவைப்பை நிறைவு செய்தல்.

நீரகம் குறைந்த பற்றவைப்புக் குச்சிகளையே பயன்படுத்த வேண்டும். அவற்றை உலர்வாக வைப்பதும் கட்டாயம். ஈரத்திலிருந்து சேரும் நீரகம் பற்றவைப்பை ஒட்டிய கடினமான பகுதியில் தங்கி, பல மணிநேரம் கழித்து விரிசலை உண்டாக்கும்.

சோதனை

கண்ணாற் காணும் சோதனை முதலாவதும் தவிர்க்கக்கூடாததும் ஆகும். மேற்பரப்பு விரிசல்களைச் சாய ஊடுருவல் சோதனையாலும் காந்தத்துகள் சோதனையாலும் அறியலாம். உட்குறைகளை மீயொலிச் சோதனையும் ஊடுகதிர்ப் படச் சோதனையும் காட்டும். கதிர்ப்படம் கசடு, காற்றுக்குமிழ் ஆகியவற்றை நன்கு காட்டும். உருகிச் சேராத தட்டையான குறைகளைக் கண்டறிய மீயொலி ஏற்றது. நீரக விரிசல் தாமதமாகத் தோன்றக்கூடும் என்பதால், பற்றவைப்பு முடிந்து ஒன்று அல்லது இரண்டு நாட்கள் கழித்தே இறுதிச் சோதனை செய்யப்பட வேண்டும். 112 போன்ற உயர்ந்த வகைகளை ஏற்பதற்கு உட்சோதனையில் தேறுதல் ஒரு நிபந்தனையாகும். சோதிக்காத இணைப்பை அவ்வகையில் கணக்கிடக் கூடாது.

தண்டவாளத்தின் மூட்டு உத்திரத்தின் இணைப்புக்கு நேர்மேலே அமையக் கூடாது. மூட்டின் இடைவெளியில் சக்கரம் இடிக்கும்போது ஏற்படும் அதிர்வு இணைப்பைத் தாக்கும். தண்டவாளத்தை உத்திரத்தோடு பற்றவைப்பதும் தவறு. கவ்விகளால் பொருத்துவதே முறை. மின்கம்பித் தாங்கிகள், நடைபாதைத் தாங்கிகள் போன்ற எதனையும் கீழ் விளிம்புத்தகட்டின் இணைப்புக்கு அருகே பற்றவைக்கக் கூடாது.

வரலாறு

1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாய் அருகே தொடர்வண்டியின் அச்சு ஒடிந்து பெரும் உயிரிழப்பு நேர்ந்தது. இதன் பின்னர் உலோக அயர்வு பற்றிய ஆராய்ச்சி விரைவுபெற்றது. செருமனியைச் சேர்ந்த ஔகுஸ்ட் வோலர் 1850-களிலும் 1860-களிலும் தொடர்வண்டி அச்சுகளைத் தொடர்ந்து சோதித்து, தகைவின் ஏற்ற இறக்கத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை நிறுவினார்.

பற்றவைப்பு பரவலானபோது புதிய இடர்கள் தோன்றின. 1938 மார்ச் 14 அன்று பெல்சியத்தின் ஹாசெல்ட் நகரில், முற்றிலும் பற்றவைத்துக் கட்டப்பட்ட பாலம் நொறுங்கி ஆல்பர்ட் கால்வாயில் விழுந்தது. 1962 சூலை 10 அன்று ஆத்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில், முந்தைய ஆண்டு திறக்கப்பட்ட கிங்ஸ் பாலத்தின் ஒரு கண், 45 டன் எடையுள்ள சரக்குந்து கடந்தபோது முறிந்தது. உத்திரங்களின் கீழ் விளிம்பில் வைத்துப் பற்றவைத்த மேலதிகத் தகடுகளின் முனைகளில் விரிசல்கள் இருந்தன. அவற்றுட் பல தயாரிப்பின்போதே தோன்றி, ஆய்வில் பிடிபடாமல் போனவை.

அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிஷர் தலைமையில் பற்றவைத்த உத்திரங்களின் மீது நடந்த சோதனைகள் 1970-இல் அறிக்கையாக வெளிவந்தன. தகைவு வீச்சும் இணைப்பின் வடிவமுமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன, எஃகின் வலிமை அன்று என்பதை இவை உறுதிப்படுத்தின. பல நாடுகளின் வகைப்பாடுகளில் இம்முடிவின் தாக்கத்தைக் காணலாம். தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆய்வும் பயிற்சியும் அளித்து வந்துள்ளது.

பயன்பாட்டில் உள்ள உத்திரங்கள்

பழைய உத்திரங்களில் இணைப்பின் ஓரங்கள், நடுத்தகட்டின் துளைகள், மேல் விளிம்பின் நெடுக்குப் பற்றவைப்பு, பின்னாளில் சேர்த்த தாங்கிகளின் முனைகள் ஆகியவற்றைக் குறித்த காலத்தில் ஆராய வேண்டும். வண்ணப்பூச்சின் மேல் மெல்லிய துருக்கோடு தெரிவது விரிசலின் முதல் அடையாளமாக இருக்கலாம். விரிசல் கண்டால் பாரந்தூக்கியை நிறுத்திவிட்டுக் காரணத்தை அறிய வேண்டும். விரிசலின் முனையில் துளையிடுவது அதன் வளர்ச்சியைச் சில காலம் தடுக்கும். அது தீர்வு ஆகாது. விரிசலின் மேல் மீண்டும் பற்றவைப்பதோ, ஒரு தகட்டை வைத்து மூடுவதோ புதிய விரிசலுக்கு வழிவகுக்கும். குறையை முழுவதும் குடைந்து நீக்கி, முழு ஊடுருவலுடன் பற்றவைத்து, தேய்த்து, சோதித்த பின்னரே உத்திரம் மீண்டும் சுமை ஏற்கத் தக்கது.

பாரந்தூக்கியின் கொள்ளளவை உயர்த்தும்போதும், வேலைமுறைகளைக் கூட்டும்போதும் பழைய இணைப்புகளின் ஆயுளை மீளக் கணிப்பது இன்றியமையாதது. சக்கரச் சுமையில் 25 விழுக்காடு கூடினால் எஞ்சிய ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

இவற்றையும் பார்க்க

* உலோக அயர்வு
* பற்றவைப்பு
* தகைவு
* எஃகு
* மீயொலிச் சோதனை
* பாரந்தூக்கி